பெண்ணிய டிசைன் என்றால் வேலை மேசையில் என்ன செய்வது? (சட்ட உதவிப் பதிவுப் படிவம், வெள்ளவத்தை)

வரைகோடு:

வணக்கம். பெண்களுக்கு இலவச சட்ட ஆலோசனை கொடுக்கும் ஒரு சிறிய அமைப்புக்கு நேரம் பதிவு செய்யும் தளமும், வந்தவுடன் நிரப்பும் கடதாசிப் படிவமும் வடிவமைக்க வேண்டியிருக்கிறது. காலி வீதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அலுவலகம். மூன்று மொழி, ஆறு கிழமை. வருகிற விடயங்கள் பெரும்பாலும் குடும்ப வன்முறை, தாபரிப்பு (ஜீவனாம்சம்), விவாகரத்து, வேலைத்தலத் தொந்தரவு.

"பெண்ணியப் பார்வையோடு செய்யுங்கள்" என்று அமைப்பு எழுத்திலேயே கேட்டிருக்கிறது. குழுவிலோ இதுவரை நிறத்தையும் படத்தையும் பற்றித்தான் கதை: ஊதாவா செம்மண் நிறமா, கைகோத்த பெண்களா பூவா. நான் கேட்பது அதுக்கு அடுத்த கட்டம். எந்தப் படியில் எந்த முடிவு மாற வேண்டும்?

இப்போதுள்ள படிவத்தில் 11 பெட்டிகள்: பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, திருமண நிலை, முகவரி, கிராம சேவையாளர் பிரிவு, தொலைபேசி, தொழில், குடும்ப மாத வருமானம், பிரச்சினையின் விவரம். பதிவை உறுதிப்படுத்த ஓ.டி.பி., முதல்நாள் எஸ்.எம்.எஸ். நினைவூட்டல் என்பது திட்டம். எங்கே கை வைக்கலாம்?

ஊசிநூல்:

படிவத்திலிருந்தே தொடங்குங்கள். நிறத்தைக் கடைசிக் கிழமைக்கு விட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் மூன்று விடயம் எழுதுங்கள்: இதை யார் வாசிப்பார், எந்த நாளில் அவருக்குத் தேவைப்படும், இந்தக் கடதாசி வீட்டில் வேறொருவர் கையில் அகப்பட்டால் என்ன நடக்கும். மூன்றாவதற்குப் பதில் எழுதும்போது அரைவாசிப் பெட்டிகள் தாமாகவே விழுந்துவிடும்.

"கணவர் அல்லது தந்தை பெயர்" முதலில் போகட்டும். கணவனிடமிருந்து பாதுகாப்புத் தேடி வருகிறவளின் முதல் வரியிலேயே அவன் பெயரைக் கேட்கிறோம். எதிர்த்தரப்பு ஏற்கெனவே இதே அமைப்பிடம் ஆலோசனைக்கு வந்தவரா என்று சட்டத்தரணி சரிபார்க்க வேண்டும், அது உண்மை. அதை ஆலோசனை தொடங்க முன் தனி அறையில் வாயால் கேட்டால் போதும்.

பெயருக்கு ஒரே பெட்டி. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாக உடைக்கிற பழக்கம் எங்கள் பெயருக்குப் பொருந்தாது. முன்னால் நிற்கிற எழுத்து தகப்பன் பெயர்; கலியாணத்துக்குப் பிறகு சிலர் கணவர் பெயருக்கு மாறுவார்கள், சிலர் மாறமாட்டார்கள். அடையாள அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று என்று இருப்பது சர்வசாதாரணம். அது அவள் விட்ட பிழை என்பதுபோல சிவப்பு எழுத்தில் "பெயர் பொருந்தவில்லை" என்று காட்டாதீர்கள். பதிவுக் கட்டத்தில் "உங்களை எப்படி அழைப்பது?" என்பது போதும். திருமதி, செல்வி தெரிவு வேண்டாம்.

அடையாள அட்டை இலக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 1991567 என்று தொடங்கும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 567இல் 500 போனால் 67. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே கணக்கிடுவதால் அது மார்ச் 7. வீ, எக்ஸ் எழுத்தோடு முடிகிற பழைய 9 இலக்க அட்டையும் இப்படித்தான், ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும். ஆக இலக்கத்தை வாங்கிவிட்டுப் பிறந்த திகதியை மறுபடி கேட்பது வீண்வேலை. அதைவிடப் பாரதூரமானது, சில புரோகிராமர்கள் இந்த 500ஐ வைத்தே "பெண்களுக்கு மட்டும்" என்று வடிகட்டுவது. அட்டை இன்னும் மாற்றப்படாத திருநங்கை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவாள், ஏன் என்று சொல்லவும் அங்கே ஆளிருக்காது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கும்போது முழு விவரமும் வேண்டும். அது சட்டத்தரணியின் மேசையில் நடக்கிற வேலை. நேரம் எடுக்க வருகிற அன்று தேவையில்லை.

திருமண நிலைக்கு வழக்கமாக நாலு தெரிவு போடுவார்கள். விவாகரத்து எடுக்காமல் ஐந்து வருடமாகப் பிரிந்திருக்கிறவள் எதில் அடையாளமிடுவாள்? முஸ்லிம் பெண்களின் திருமணம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது, வழக்கு முஸ்லிம் குடும்ப விடயங்களுக்கான காதி நீதிமன்றத்தில். அந்தச் சட்டத்தில் பதியப்படாத திருமணமும் செல்லுபடியாகும். "பதிவுத் திருமணமா?" என்று கேட்டு "இல்லை" என்றவுடன் படிவம் மூடிக்கொண்டால், கொழும்பில் ஒரு பெரிய கூட்டத்தையே வெளியே நிறுத்திவிடுகிறோம். சட்டத்தரணிக்கு உண்மையில் வேண்டியது இது: "எதிர்த்தரப்போடு இப்போது ஒரே வீட்டிலா இருக்கிறீர்கள்?" நேரில் கேட்கிற முதல் கேள்வியாக அதை வையுங்கள்.

குடும்ப வருமானம் என்ற பெட்டியிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. வீட்டுக்கு இரண்டு லட்சம் வரலாம், அவள் கையில் பஸ் காசும் இல்லாமல் இருக்கலாம். இலவச உதவிக்குத் தகுதி பார்க்கத்தான் வேண்டுமென்றால் "உங்கள் கையில், நீங்களே செலவழிக்கக்கூடியதாக எவ்வளவு வருகிறது?" என்று கேளுங்கள்.

கடைசியாக அந்தப் "பிரச்சினையின் விவரம்". பத்துக் கோடு போட்ட வெற்றிடம். பக்கத்தில் இருக்கிறவர் எட்டிப் பார்க்கிற தூரத்தில், யாருக்கும் சொல்லாத ஒன்றை அவள் எழுத வேண்டும். பிறகு சட்டத்தரணி முதலிலிருந்து சொல்லச் சொல்வார். ஒரே காயத்தை இரண்டு தரம் கிளறுகிறோம். ஐந்து தெரிவு போடுங்கள்: வீடு, பணம், பிள்ளைகள், வேலையிடம், நேரில் சொல்கிறேன். கடைசித் தெரிவும் மற்றவற்றின் அதே எழுத்தளவில் இருக்கட்டும்.

மிஞ்சுவது நாலு பெட்டி: அழைக்கும் பெயர், தொடர்புகொள்ளும் வழி, மொழி, உதவியின் வகை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மிஞ்சித் தகவல் சேர்ப்பதை ஏற்கவில்லை. நிதி தருகிறவர்கள் புள்ளிவிவரம் கேட்டு நெருக்கும்போது அதைக் காட்டலாம்.

பிளேன்ரீ:

ஊசிநூல் சொன்ன "தொடர்புகொள்ளும் வழி" ஒரு பெட்டி அல்ல, அதுக்குள் மூன்று கேள்வி இருக்கிறது. போன் அவளுடையதா, வீட்டில் எல்லோரும் எடுப்பதா? எந்த நேரம் அழைக்கலாம்? வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது? மூன்றாவதற்கு அவளே ஒரு வசனம் எழுதட்டும். "தையல் வகுப்பிலிருந்து" என்று எழுதினால் ஊழியர் அதை அப்படியே சொல்ல வேண்டும். "வைத்துவிடுங்கள்" என்றால் வைத்துவிட வேண்டும்.

ஓ.டி.பி.யை எடுத்துவிடுங்கள். சிம் கணவர் பெயரில், போன் மேசை மேல். ஆறு இலக்கம் திரையில் மின்னியவுடன் "இது என்ன?" என்ற கேள்வி வரும். ஓ.டி.பி. காப்பது அமைப்பைப் போலிப் பதிவிலிருந்து. அவளைக் காப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. போலிப் பதிவு கிழமைக்கு இரண்டு வந்தாலும் ஊழியர் அழைத்துச் சரிபார்க்கலாம்.

நினைவூட்டல் "வேண்டாம்" என்பதே முன்கூட்டித் தெரிவாகியிருக்கட்டும். வேண்டுமென்கிறவர் தெரிவுசெய்யட்டும். எஸ்.எம்.எஸ். அனுப்புவதானால் கவனிக்க வேண்டியவை:

அனுப்புநர் பெயராக எழுத்து போட்டால் அதிகபட்சம் 11 ஆங்கில எழுத்துகள். அமைப்பின் பெயரில் பெண், சட்டம், உரிமை என்று வருமானால் அதைப் போட வேண்டாம். பொதுவான ஒரு சொல் போதும். எழுத்துப் பெயரிலிருந்து வருகிற செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது, ஆகவே "மாற்ற வேண்டுமெனில் பதில் அனுப்புங்கள்" என்று எழுதினால் அவள் அனுப்புவது எங்கேயும் போய்ச் சேராது. இந்தப் பிழையை அடிக்கடி காணலாம்.

தமிழில் ஒரு செய்தி 70 அலகு. தாண்டினால் துண்டுக்கு 67. ஆங்கிலத்துக்கு 160. அலகு வேறு, எழுத்து வேறு. "வாருங்கள்" கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு வ, கால், ர, உகரக் குறி, ங, புள்ளி, க, ள, புள்ளி என்று ஒன்பது. "நாளை காலை 10.30க்கு வாருங்கள்." என்பது முற்றுப்புள்ளியோடு 30. எங்கே, ஏன் என்று எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆங்கில வசனத்தை மொழிபெயர்த்துப் போட்டால் மூன்று துண்டாகிச் செலவும் மும்மடங்காகும். பிறகு யாராவது "செலவைக் குறைக்க ஆங்கிலத்திலேயே அனுப்புவோம்" என்பார். தமிழ் மட்டும் வாசிக்கிறவள் அப்போதே விடுபட்டுப் போவாள். தமிழ்ச் செய்தியைத் தமிழிலேயே முதலில் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். வீட்டுக் கணினியில் ஒருமுறை இணைத்துவைத்திருந்தால் அங்கேயும் எல்லாம் தெரியும். இணைந்த சாதனங்களின் பட்டியலை எப்படிப் பார்ப்பது என்று தளத்தில் இரண்டு வரி போடுங்கள்.

"உடனே வெளியேறு" பொத்தான் எல்லாப் பக்கத்திலும் பெருவிரல் எட்டுகிற இடத்தில் நிற்கட்டும். அமர்த்தினால் காலநிலைப் பக்கம் போல ஒன்றுக்குப் போக வேண்டும். புதுப் பக்கத்தைச் சாதாரண இணைப்பாகத் திறந்தால் பின்செல்லும் பொத்தான் மறுபடி உங்கள் தளத்தையே காட்டும். ஜாவாஸ்கிரிப்டில் லொகேஷன் ரிப்ளேஸ் (location.replace) என்ற கட்டளையைப் பாவித்தால் அந்தப் பக்கம் பின்செல்லும் வரிசையில் நிற்காது. பிரித்தானிய அரசின் வடிவமைப்புத் தொகுதியில் இதற்கென்றே ஒரு கூறு இருக்கிறது. அங்கே ஷிஃப்ட் விசையை மூன்று தரம் தட்டினாலும் வெளியேறும். எங்கள் ஆக்கள் போனில் வருவார்கள், ஆகவே பொத்தான்தான் முக்கியம். இது உலாவல் வரலாற்றை அழிக்காது. அதைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் பொய்யான நிம்மதியைக் கொடுத்தவர்களாவோம். வரலாற்றில் பக்கத்தின் தலைப்பும் இணைய முகவரியும் தெரியும் என்பதால் அவையும் சின்னமும் பொதுவாக இருக்கட்டும். பெட்டிகளில் தானியங்கி நிரப்பலை நிறுத்துங்கள். அடுத்து அதே போனில் வேறெங்கோ தட்டச்சு செய்கிறவருக்கு அவள் எழுதியது எட்டிப் பார்க்கும்.

ஒரு முரண்பாடும் வரும். பாதுகாப்புக்காக ஐந்து நிமிடத்தில் படிவம் தானாக அழிய வேண்டும் என்பார்கள். பிள்ளை அழுதது, சோறு பொங்கியது என்று எழும்பிப் போய் வருகிறவளுக்கு எல்லாம் அழிந்திருக்கும். சேமித்துவைத்தால் அடுத்தவர் கண்டுபிடிப்பார். இதற்கு மென்பொருள் தீர்வு தேடி அலைய வேண்டாம். நாலு பெட்டியென்றால் ஒன்றரை நிமிட வேலை, சேமிக்கவே தேவையில்லை.

எழுத்துருவும் தனியாக ஏற்ற வேண்டாம். அண்ட்ரொய்ட் போனில் நோட்டோ தமிழ் இருக்கும். டேட்டா கார்ட் காசு அவளுடையது. வரியிடைவெளியை எழுத்தளவின் 1.6 மடங்காக வைத்தால் கொம்பும் சுழியும் முட்டாது.

மட்டக்கோல்:

சொன்னதெல்லாம் நல்ல வேலைதான். ஆனால் இதைத்தானே நல்ல பாவனையாளர் அனுபவ வடிவமைப்பு என்கிறோம்? பெட்டியைக் குறை, தடங்கலை நீக்கு, பாவிக்கிற ஆளிடம் கேள். "பெண்ணிய" என்ற சொல் எதைக் கூட்டுகிறது? வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருப்பதால் உண்மையாகவே கேட்கிறேன்.

செங்கல்:

மட்டக்கோல், உங்கள் கேள்விக்கு 1926ஆம் ஆண்டின் ஒரு சமையலறை நல்ல பதில். பிராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்தது. 1.9 மீற்றர் அகலம், 3.44 மீற்றர் நீளம். சமைக்கிறவள் எத்தனை அடி நடக்கிறாள் என்பதுவரை கணக்கிட்டு, ரயில் உணவுப் பெட்டியின் அடுக்களையைப் பார்த்து, மாவுக்கும் அரிசிக்கும் இழுப்பறை, உட்கார்ந்து வேலை செய்யச் சுழல் கதிரை என்று எல்லாம் வைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் பூட்டப்பட்டது. பெண்ணின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பாவனைக்கு இலகு என்ற அளவுகோலில் அதில் குறை பிடிப்பது கஷ்டம்.

ஆனால் அந்த அகலத்தில் ஒருவர்தான் நின்று வேலை செய்யலாம். கணவனோ மகனோ உள்ளே வந்து கை கொடுக்க இடமில்லை. பிந்தி வந்த பெண்ணியவாதிகள் விமர்சித்தது இதைத்தான்: வேலை சுருங்கியது, ஆனால் அது அவள் ஒருத்தியின் வேலை என்பது சுவரிலேயே கட்டப்பட்டுவிட்டது. பாவனையாளர் அனுபவம் "இந்த வேலையை எப்படி இலகுவாக்கலாம்?" என்று கேட்கும். பெண்ணியம் "இது ஏன் இவள் தலையில் இருக்கிறது, நம்முடைய வரைபடம் அதை இறுக்குகிறதா தளர்த்துகிறதா?" என்று கேட்கும். ஓ.டி.பி.யையே எடுங்கள். வழக்கமான சோதனையில் அது சித்தியடையும், எல்லோரும் இலக்கத்தைச் சரியாக அடித்துவிடுவார்கள். போன் யார் கையில் என்ற கேள்வி அந்தச் சோதனைத் தாளில் இல்லை.

இரண்டாவது வித்தியாசம், முடிவெடுக்கிற இடத்தில் யார் என்பது. 1980களில் லண்டனில் மேட்ரிக்ஸ் என்ற பெண்கள் கட்டடக்கலைக் கூட்டுறவு வேலை செய்தது. வைட்சப்பலில் ஆசியப் பெண்களுக்கான ஜகோநாரி நிலையத்தை அவர்கள் வடிவமைத்தபோது, வரைபடம் வாசித்துப் பழக்கமில்லாத பெண்களுக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரி செய்து கொடுத்தார்கள். எந்தச் செங்கல் என்று முடிவெடுக்க அவர்களையே தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களுக்கும் முன்னோடி இருக்கிறார்: 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் சேர்ந்த மினெட் டி சில்வா. 1950களில் கண்டி வட்டப்புளுவ குடியிருப்புத் திட்டத்துக்கு, குடிவரப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்து கொடுத்துத் தேவைகளை அறிந்த பிறகே வீட்டு வகைகளை அவர் தீர்மானித்தார்.

உங்கள் வேலையில் இதன் சமன்: திரையின் படத்தைக் காட்டி "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் மரியாதைக்கு ஓம் என்பார்கள். 11 பெட்டியையும் 11 துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்து, "எதை எறிவீர்கள், எதை யாரிடம் மட்டும் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் எறிந்ததை நீங்கள் திரும்பப் பொறுக்கிப் போடுவதானால் அவர்களுக்கு முன்னாலேயே காரணம் சொல்லுங்கள்.

வரைகோடு:

மிக்க நன்றி. துண்டுக் கடதாசி முறையை முதல் கிழமையே செய்யப் போகிறேன். இரண்டு விடயம் மிச்சம். யாரை, எந்த நேரம் கூப்பிடுவது? அலுவலக அறையிலும் ஏதும் மாற்றலாமா? வரவேற்பு மேசையில் கண்ணாடித் தடுப்பு, பின்னால் பிளைவூட் தடுப்பு போட்ட ஆலோசனை அறை.

நிலைப்படி:

ஆறு கிழமைக்கு எட்டுப் பேர் போதும், ஆனால் ஒரே மாதிரியான எட்டுப் பேர் வேண்டாம். வீட்டு வேலைக்குப் போகிறவர், இரத்மலானைப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிறவர், மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருக்கிறவர், முஸ்லிம் பெண், சக்கர நாற்காலி பாவிப்பவர், வாசிக்கக் கஷ்டப்படுகிறவர். இப்போது நெருக்கடிக்குள் இருக்கிறவரைச் சோதனைக்குக் கூப்பிடக் கூடாது. பிரச்சினையைக் கடந்து வந்தவர்களை அமைப்பின் ஊடாகக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் 1.30க்கு விடும், ஆகவே பிள்ளையுள்ளவர்களுக்குக் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். தொழிற்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு ஞாயிறு. மாலை ஐந்து மணிக்குப் பிறகு வைக்காதீர்கள். ஆறரைக்கு இருட்டிவிடும், அந்த நேரம் 100, 101 பஸ் நெரிசலில் போவது எப்படியென்று பெண்களுக்குத் தெரியும். தளத்தில் காட்டுகிற ஆலோசனை நேரங்களுக்கும் இதே கணக்குத்தான். ஒரு நாள் கூலிக்குக் குறையாத காசும் போக்குவரத்தும் அன்றே கையில் கொடுங்கள். சிங்களமும் தமிழும் தெரிந்த ஊழியரைச் சும்மா மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்த வேலையும் வரவுசெலவில் ஒரு வரி. பெரும்பாலும் இளம் பெண் ஒருத்தியின் தலையில் அது "உதவி"யாக விழும்.

அறைக்கு வருவோம். கண்ணாடியின் ஓட்டைக்குள்ளால் கதைத்தால் குரல் தானாக உயரும், காத்திருக்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கண்ணாடியைக் கழற்றி 75 சென்ரிமீற்றர் உயர மேசை ஒன்றைப் போடுங்கள், அடியில் 70 சென்ரிமீற்றர் முழங்கால் இடம். சக்கர நாற்காலியும் போகும், மடியில் பிள்ளையோடும் இருக்கலாம். காத்திருக்கும் கதிரைகள் இரண்டு மீற்றராவது தள்ளி, மேசைக்கு முதுகு காட்டாமல், வாசலைப் பார்க்கும்படி. பயந்து வருகிறவருக்கு யார் உள்ளே வருகிறார் என்று தெரிய வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இலக்கத் துண்டு.

பிளைவூட் தடுப்பு பொய்க்கூரையோடு நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் நிற்கும், சத்தம் மேலால் தாண்டிப் பக்கத்து அறைக்கு இறங்கும். கொங்கிறீட் தட்டுவரை உயர்த்தி, இரண்டு பலகைக்கு நடுவில் ரொக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல்நூல் பஞ்சு) அடைத்து, கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டி ஒட்டினால் நன்றாகக் குறையும். முடித்த பிறகு உள்ளே ஒருவர் சாதாரணக் குரலில் செய்தித்தாள் வாசிக்க, வெளியே காத்திருக்கும் கதிரையில் இருந்து கேளுங்கள். சொல் பிடிபட்டால் வேலை முடியவில்லை. மலசலகூடத்தில் ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடியுள்ள குப்பைத்தொட்டி, பை மாட்டக் கொழுக்கி. செலவென்று சொல்லவே வராது.

இவ்வளவையும் ஒரே நாளில் இல்லாமல் செய்யக்கூடியது கீழ்த்தளத்துச் செக்யூரிட்டி மேசையில் கிடக்கிற சி.ஆர். கொப்பி, அதாவது வருகிறவர்கள் விவரம் எழுதுகிற தடித்த பதிவேடு. பெயர், அடையாள அட்டை இலக்கம், போன், எந்த மாடி, யாரைப் பார்க்க, வந்த நேரம். எழுதுகிற ஒவ்வொருவரும் மேலேயுள்ள வரிகளை வாசிக்கலாம். தளத்தில் நாலாகக் குறைத்த பெட்டிகள் வாசலில் ஆறாகத் திரும்பி வருகின்றன, அதுவும் எல்லோரும் பார்க்கத் திறந்தபடி. கட்டட நிர்வாகத்தோடு இப்போதே கதையுங்கள்: மூன்றாம் மாடிக்கு வருகிறவர் பதிவின்போது கிடைத்த இலக்கத்தை மட்டும் சொல்வார், செக்யூரிட்டி அந்த இலக்கத்தையும் நேரத்தையும் மட்டும் குறிப்பார். அன்றைய இலக்கங்களின் பட்டியல் காலையில் மேலிருந்து கீழே போகும், மாலையில் திரும்ப வரும். கமராப் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் இருக்கும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். ஒப்புதல் எழுத்தில் வரும்வரை தளத்தைத் திறக்க வேண்டாம்.